குற்றப்பத்திரிகையை நாட்காட்டியாக வாசிக்கலாமா?

சிரியாவில் 2011-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஏசாயா 17-ஆம் அதிகாரம் உலகெங்கும் கிறிஸ்தவ மேடைகளில் திடீரென்று பேசப்பட்டது. தமஸ்கு அடியோடு அழிந்து இடிபாட்டுக் குவியலாகும் என்று அங்கே சொல்லியிருப்பது இனிமேல்தான் நடக்கப்போகிறது, அதற்கான நாள் நெருங்கிவிட்டது என்றார்கள். 2022-இல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் பெருமளவில் நுழைந்ததும் எசேக்கியேல் 38-ஆம் அதிகாரம் கையிலெடுக்கப்பட்டது. வடக்கிலிருந்து வரும் கோகு யார் என்பது இப்போது தெளிவாகிவிட்டதாம். தமிழ்ச் சபைகளில் இத்தகைய விளக்கங்களைக் கேட்காதவர்கள் குறைவு. இவற்றுக்கு அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான்: தேசங்களின் மீதான நியாயத்தீர்ப்பு வாக்குகள் எதிர்காலத்தின் நிகழ்ச்சி நிரல், எந்த நாடு எப்போது விழும் என்பது அதில் குறித்துவைக்கப்பட்டிருக்கிறது, செய்தித்தாளோடு ஒப்பிட்டு நாளைக் கணிப்பது விசுவாசியின் வேலை. இந்தக் கருத்து தவறு என்பதே என் வாதம். வேதாகமத்தை அளவுக்கு மீறி நம்புவதால் இந்தத் தவறு வரவில்லை, அதை முழுதாக வாசிக்காததால் வருகிறது. தீர்க்கதரிசிகள் தேசங்களின் முன் வைத்தது குற்றப்பத்திரிகை. குற்றம் இன்னதென்று பெயர் சொல்லி, தண்டனையை அறிவித்து, மனந்திரும்பும் வாசலைத் திறந்தே வைத்துப் பேசினார்கள். அதையும் சொந்த ஜனத்தின் முகத்துக்கு நேரே நின்று பேசினார்கள்.

இது வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்த விளக்கம் இல்லை. எரேமியாவின் 18-ஆம் அதிகாரமே இதற்கு விதி வகுக்கிறது. தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிறார். வனைந்துகொண்டிருந்த பாண்டம் கையிலேயே கெட்டுப்போகிறது. குயவன் அதே களிமண்ணைத் திரட்டி வேறொரு பாண்டம் வனைகிறான். அதைக் காட்டிக் கர்த்தர் பேசுகிறார்: ஒரு தேசத்தைப் பிடுங்கி அழிப்பதாகத் தாம் சொல்லியிருந்தாலும், அது தீமையைவிட்டுத் திரும்பினால் அந்த அழிவை வரவிடமாட்டார், கட்டி எழுப்புவதாகச் சொல்லியிருந்தாலும், அது தீமைக்குத் திரும்பினால் அந்த நன்மை நிலைக்காது. இந்த விதி எந்தத் தேசத்துக்கும் பொது. 26-ஆம் அதிகாரத்தில் இதே விதி ஓர் உயிரைக் காக்கிறது. எருசலேம் ஆலயம் சீலோவின் கதியை அடையும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் கொல்லக் கூட்டம் துடிக்கும்போது, மூப்பர் சிலர் எழுந்து, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த மீகாவை நினைவூட்டுகிறார்கள். சீயோன் வயலாக உழப்படும் என்று மீகா சொன்னார். எசேக்கியா ராஜா பயந்து மன்றாடினான். சொன்ன அழிவு அப்போது வரவில்லை. அதற்காக மீகாவைப் பொய்த் தீர்க்கதரிசி என்று அந்த மூப்பர்கள் ஒதுக்கவில்லை. வராமற்போன அழிவையே அவர் ஊழியத்தின் பலனாகக் காட்டினார்கள். யோனாவின் கதையும் இதுவே. நினிவேக்குக் கொடுத்த 40 நாள் கெடுவில் நிபந்தனை எதுவும் இல்லை. ஆனாலும் ஊர் திரும்பியது; கெடு கடந்தது; நகரம் நின்றது. நிபந்தனை சொல்லப்படாத வாக்கிலும் அது உள்ளே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எசேக்கியேல் இன்னும் துணிவான சாட்சி. எருசலேம் வீழ்ந்த காலத்தை ஒட்டி, நேபுகாத்நேச்சார் தீருவின் மதில்களை இடித்து அதன் செல்வத்தைக் கொள்ளையிடுவான் என்று 26-ஆம் அதிகாரத்தில் அறிவித்தார். முற்றுகை 13 ஆண்டுகள் நீடித்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதுகிறார். எதிர்பார்த்த கொள்ளை கிடைக்கவில்லை. இதைச் சொல்வதும் எசேக்கியேலே. கி.மு. 571-க்கு உரிய 29-ஆம் அதிகாரப் பகுதியில், பாபிலோன் வீரர்களின் தலைகள் மொட்டையாகித் தோள்கள் தேய்ந்துபோன பிறகும் தீருவிலிருந்து கூலி தேறவில்லை, அதற்கு ஈடாக எகிப்து தரப்படும் என்கிறார். முதலில் சொன்னதை அவர் அழிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. இரண்டும் ஒரே நூலில் நிற்கின்றன. கி.மு. 332-இல் அலெக்சாந்தர் கடலைத் தூர்த்துப் பாதை போட்டு, ஏழு மாத முற்றுகைக்குப் பின் தீருவைப் பிடித்ததைக் காட்டிச் சிலர் கணக்கை நேர்செய்வார்கள். ஆனால் அந்த அதிகாரம் பெயர் சொல்லும் அரசன் நேபுகாத்நேச்சார். அலெக்சாந்தருக்குப் பிறகும் நகரம் எழுந்தது. இயேசு அதன் எல்லைக்குப் போனார், பவுல் அங்கே ஏழு நாள் தங்கினார், இன்றும் லெபனானில் சூர் என்ற பெயரில் மக்கள் வாழ்கிறார்கள். எசேக்கியேலுக்குத் தேதி முக்கியமாக இருந்திருந்தால் இந்த முரண் அவரை உறுத்தியிருக்கும். அவருக்கு முக்கியம் 28-ஆம் அதிகாரக் குற்றச்சாட்டு: வாணிகம் பெருகப் பெருகக் கொடுமையால் நிறைந்து, தன்னைத் தெய்வமாக எண்ணிக்கொண்ட ஒரு நகரத்தின் அகந்தை.

குற்றச்சாட்டை உற்றுப் பார்க்காமல் தண்டனையை மட்டும் வாசிப்பதுதான் நிகழ்ச்சி நிரல் வாசிப்பின் பெரிய கேடு. கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட காலத்தில், தெக்கோவா ஊர் ஆமோஸ் அடுக்கிய குற்றங்களைப் பாருங்கள். தமஸ்குவின் குற்றம், கீலேயாத் மக்களை இரும்புக் கருவியால் போரடித்தது. அன்றைய போரடிப் பலகை கனத்த மரத்தால் ஆனது. அடியில் கூரிய கற்களோ இரும்புப் பற்களோ பதித்திருக்கும். மாடு பூட்டிக் களத்தில் பரப்பிய கதிர்மேல் இழுத்தால் தாள் நறுங்கி மணி உதிரும். அந்தப் பலகை மனித உடல்கள்மேல் ஓடியதென்று ஆமோஸ் சொல்கிறார். காசாவின் குற்றம், ஓர் ஊரையே முழுதாகச் சிறைபிடித்து ஏதோமுக்கு விற்றது. தீருவின் குற்றம், சகோதர உடன்படிக்கையை மறந்து அதே வியாபாரத்தில் இறங்கியது. அம்மோனின் குற்றம், எல்லையை விரிவாக்கக் கர்ப்பிணிகளைக் கீறியது. மோவாபின் குற்றம் எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது: ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகும்படி எரித்தது. இங்கே குற்றம் செய்தவனும் அந்நியன், பாதிக்கப்பட்டவனும் அந்நியன். இஸ்ரவேலுக்கு இதில் இம்மியும் சம்பந்தமில்லை. ஆகவே, இஸ்ரவேலின் பக்கம் நின்ற நாடு தப்பும், எதிர்த்த நாடு அழியும் என்ற எளிய கணக்கு ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்களிலேயே உடைந்துபோகிறது. தேசங்கள் விசாரிக்கப்படுவது மனிதனை என்ன செய்தார்கள் என்ற கேள்வியின் பேரில்.

விசாரணை அந்நியரோடு முடியவுமில்லை. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று ஆமோஸ் சுற்றிவந்தபோது கேட்டுக்கொண்டிருந்த வட இஸ்ரவேலர் தலையாட்டியிருப்பார்கள். அடுத்து யூதா; கடைசியாக இஸ்ரவேல். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வசனம் போதும் என்றவர், சொந்த ஜனத்துக்கு மிக நீண்ட பகுதியை வைத்திருந்தார்: ஒரு சோடிச் செருப்புக்காக ஏழையை விற்றீர்கள், அடகு வாங்கிய உடையைப் பலிபீடத்தருகே விரித்துச் சாய்ந்தீர்கள். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமச் சட்டம். இரவுக் குளிருக்கு அவனுக்கு வேறு போர்வை இல்லை. இந்தக் குற்றம் வெறும் மேடைப் பேச்சு இல்லை என்பதற்கு ஓர் ஓடு சாட்சி சொல்கிறது. 1960-இல் இஸ்ரேலின் கடலோரத்தில் மெசாத் ஹஷாவ்யாஹு என்ற சிறு கோட்டையில் கிடைத்த கி.மு. 7-ஆம் நூற்றாண்டுப் பானை ஓட்டில், அறுவடைக் கூலியாள் ஒருவன் தன் அதிகாரிக்குச் செய்த முறையீடு எழுதப்பட்டிருக்கிறது: வேலையை முடித்துவிட்டேன், ஆனாலும் என் உடையை எடுத்துக்கொண்டார்கள், திருப்பித் தரச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். ஆமோஸுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஏழையின் உடை பறிபோய்க்கொண்டுதான் இருந்தது. சொந்த ஜனத்துக்கு எதிராக இப்படிப் பேசியதற்காகத்தான் பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்று சொல்லி ஆமோஸைத் துரத்தினான். அந்நிய நாடுகளைத் திட்டுவதோடு ஆமோஸ் நிறுத்தியிருந்தால் அமத்சியா விருந்து வைத்திருப்பான்.

முன்சொன்ன அழிவுகள் நடந்தேறினவே என்பது முதல் எதிர்வாதம். சமாரியா கி.மு. 722-ஐ ஒட்டி விழுந்தது; நினிவே 612-இல் மேதியராலும் பாபிலோனியராலும் தரைமட்டமானது; பாபிலோன் 539-இல் பாரசீக அரசன் கோரேசிடம் பணிந்தது. உண்மை. ஆனால் அவை எந்தத் தேசங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டனவோ அந்தத் தேசங்களின் மீது, அந்தக் காலத்தில் வந்தன. தமஸ்குவும் அப்படியே. சிரியாவும் எப்பிராயீம் எனப்பட்ட வட இஸ்ரவேலும் கூட்டுச் சேர்ந்து யூதாவை நெருக்கிய நாட்களில் ஏசாயா பேசினார், கி.மு. 732-இல் அசீரிய அரசன் திகிலாத்பிலேசர் தமஸ்குவைப் பிடித்து, அதன் அரசன் ரேத்சீனைக் கொன்று, மக்களைக் கீருக்கு நாடுகடத்தினான். ஏசாயாவின் எச்சரிக்கை தன் காலத்திலேயே வேலை செய்து முடித்துவிட்டது. பிறகு நகரம் மீண்டும் எழுந்ததால் இன்னொரு முறை அழிந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது, கவிதை மொழியில் சொன்ன எச்சரிக்கையைப் பத்திர வாசகமாக எடுத்துக்கொள்வதாகும். அந்த 17-ஆம் அதிகாரம் மூன்றாம் வசனத்திலிருந்தே எப்பிராயீமையும் சேர்த்துத்தான் பேசுகிறது. உன் இரட்சிப்பின் தேவனை மறந்தாய் என்ற கண்டனம் இஸ்ரவேலுக்குச் சொன்னது. அந்தப் பகுதியை விட்டுவிட்டு, சவுல் பவுலான நகரத்தின்மீது, அந்தியோகிய மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் தந்தை இன்றும் வீற்றிருக்கும் நகரத்தின்மீது குண்டு விழும் நாளைக் கிறிஸ்தவர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பது வேத வாசிப்பாகாது.

கோகுவை அடையாளம் காட்டிய வரலாறு இந்த முறையின் நம்பகத்தை நமக்கே காட்டிவிடுகிறது. ஜோசிஃபஸுக்கு மாகோகு என்பவர்கள் சித்தியர். ரோமப் பேரரசைக் கோத்தியர் நெருக்கிய 4-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் அம்புரோஸ் கோகு என்றால் கோத்தியர் என்றார். இப்படி ஓர் இனத்தைக் குறிவைத்துப் பொருள்கொள்வதை அகுஸ்தீன் அடுத்த தலைமுறையிலேயே மறுத்தார். துருக்கியர் 1529-இல் வியன்னாவை முற்றுகையிட்டார்கள். மறு ஆண்டு லூதர் துருக்கியரே கோகு என்று எழுதினார். 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் விளக்கக் குறிப்புகள் ரஷ்யாவைக் காட்டின; 1970-இல் ஹால் லிண்ட்சே எழுதிப் பெருவாரியாக விற்ற நூல் அதைச் சோவியத் ஒன்றியமாக்கியது; 1991-இல் அந்த ஒன்றியமே கலைந்தது. மேசேக்கு என்பது மாஸ்கோ, தூபால் என்பது தொபோல்ஸ்க் என்பார்கள். மாஸ்கோவின் பெயர் ஏடுகளில் முதலில் வருவது 1147-இல். தொபோல்ஸ்க் 1587-இல் நிறுவப்பட்டது. எசேக்கியேல் காலத்து மேசேக்கும் தூபாலும் அசீரியக் கல்வெட்டுகளில் முஷ்கி, தபால் என்று வரும், இன்றைய துருக்கி நிலத்து நாடுகள். அவை தீருவோடு அடிமைகளையும் வெண்கலப் பாத்திரங்களையும் வாணிகம் செய்ததை எசேக்கியேலே 27-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். ஒவ்வொரு தலைமுறையும் தான் அஞ்சிய எதிரிக்குக் கோகு என்று பெயர் சூட்டியிருக்கிறது. வேத வசனம் அந்த அச்சத்துக்கு முத்திரையாகப் பயன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் கர்த்தர் அனுப்பியதாக ஆமோஸே 4-ஆம் அதிகாரத்தில் சொல்கிறாரே, அப்படியானால் இன்றைய பேரழிவுகளையும் அந்தந்த நாட்டின் மீதான தீர்ப்பு என்று ஏன் சொல்லக்கூடாது என்பது அடுத்த எதிர்வாதம். இது கனமான கேள்வி. ஆனால் ஆமோஸ் அதை யாரிடம் சொன்னார்? தன் ஜனத்திடம். இத்தனைக்குப் பிறகும் நீங்கள் திரும்பவில்லையே என்ற குமுறல் அந்த அதிகாரத்தில் ஐந்து முறை வருகிறது. வெட்டுக்கிளி வந்தபோது யோவேல் உபவாசத்துக்கு அழைத்ததும் சீயோனைத்தான். தன் வீட்டுத் துயரத்தில் தன்னைச் சோதித்துக்கொள்வது வேறு. அடுத்தவர் பிணங்களை எண்ணி அவர்கள் பாவத்தை அளப்பது வேறு. பின்னதை இயேசு வெளிப்படையாகவே தடுத்தார். பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சிலர் வந்து சொன்னபோதும், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரை அவரே எடுத்துப் பேசியபோதும், இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொன்னார். 1755 நவம்பர் 1-ஆம் தேதி, அனைத்துப் புனிதர் திருநாளில் லிஸ்பனை நிலநடுக்கம் தாக்கியபோது, பூசைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் ஆலயங்கள் இடிந்து விழுந்தன. அது நகரத்தின் பாவத்துக்கு விழுந்த அடி என்று இயேசு சபைக் குரு மலக்ரிடா மறு ஆண்டே சிறுநூல் எழுதினார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவக் குடும்பங்களும் வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் யாத்திரை வந்தவர்களும் அதில் இறந்தார்கள். அதைத் தீர்ப்பு என்று விளக்க வாய் திறக்கிறவர், லூக்கா 13-ஆம் அதிகாரத்துக்கு எதிராகவே வாய் திறக்கிறார்.

நாகூம் நினிவேயின் வீழ்ச்சியில் கைகொட்டி மகிழவில்லையா என்று கேட்பார்கள். மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சி எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் லாகீசு புடைப்புச் சிற்பங்களைப் பார்க்க வேண்டும். கி.மு. 701-இல் யூதாவின் லாகீசைப் பிடித்ததை அசீரிய அரசன் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கிவைத்தான்: கழுவில் குத்தி நிறுத்திய ஆண்கள், தரையில் இழுத்துக் கட்டித் தோலுரிக்கப்படுகிறவர்கள், மூட்டை முடிச்சுகளோடு மாட்டுவண்டியில் வெளியேறும் பெண்களும் பிள்ளைகளும். இதை வெற்றிச் சின்னமாக்கி விருந்தாளிகளுக்குக் காட்டிய பேரரசு விழுந்தபோது, மிதிபட்டவர்கள் மூச்சுவிட்டார்கள். நாகூமின் குரல் அவர்களுடையது. ஓர் அடியும் வாங்காமல், தூரத்தில் உட்கார்ந்து திரையில் போர் பார்க்கும் நமக்கு அந்தக் குரலில் பங்கில்லை. நமக்குப் பொருந்தும் பாத்திரம் யோனா: நகரத்துக்குக் கிழக்கே பந்தல் போட்டு, எப்போது அழியும் என்று காத்திருந்தவர். வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு தெரியாத 1,20,000-க்கும் அதிகமான மனிதரையும், அங்கிருந்த கால்நடைகளையும் சுட்டிக் காட்டி, நான் இரங்கக்கூடாதா என்று கர்த்தர் கேட்டது அவரிடம்தான்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டால் தேசங்களுக்குத் தீர்ப்பே இல்லை என்றாகிவிடாதா? ஆகாது. தீர்ப்பு இன்னும் கடுமையாகிறது. ஏசாயா 10-ஆம் அதிகாரத்தில் அசீரியா கர்த்தரின் கோல். ஆனால் தண்டிக்க எடுத்த அந்தக் கோலே தன் ஆணவத்துக்காகத் தண்டிக்கப்படுகிறது. யூதாவைத் தண்டிக்கப் பாபிலோன் எழுப்பப்பட்டது என்று கேட்ட ஆபகூக், இரத்தத்தால் நகரம் கட்டுகிறவனுக்கு ஐயோ என்று அதே பாபிலோனையும் சபிக்கிறார். தான் கடவுளின் கை என்று சொல்லிக்கொண்டு குண்டு வீச எந்த அரசுக்கும், அதற்குக் கைதட்ட எந்தச் சபைக்கும் இங்கே இடமில்லை. தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்பதும் கேடயமாகாது. பூமியின் எல்லா வம்சங்களிலும் உங்களை மட்டும் அறிந்திருந்தபடியால் உங்களைத் தண்டிப்பேன் என்பது ஆமோஸின் தர்க்கம். இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொண்டுவந்தவரே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தார் என்றும் அவர் சொல்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் மட்டும் விலக்கு என்று சொல்லவும் வழியில்லை. ஏழு மலைமேல் உட்கார்ந்த பாபிலோன், முதல் நூற்றாண்டு வாசகர் கண்ணில் ரோம். 18-ஆம் அதிகாரத்தில் அதன் வணிகச் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி, முத்து, பட்டு, இலவங்கம், கோதுமை என்று நீண்டு, மனித உயிர்களில் முடிகிறது. அங்கேயும் குற்றம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. மனிதனைச் சரக்காக்கும் எந்த நாடும் எந்த நூற்றாண்டிலும் அந்தப் பட்டியலில் தன்னைப் பார்க்கலாம்.

நிகழ்ச்சி நிரல் வாசிப்பில் காணாமற்போகும் இன்னொன்று கண்ணீர். மோவாபுக்கு அழிவை அறிவித்த ஏசாயாவும் எரேமியாவும் மோவாபுக்காகவே அழுகிறார்கள். எரேமியாவின் நூலில் மோவாப், அம்மோன், ஏலாம் ஆகியவற்றின் மீதான வாக்குகள் பின்னாளில் அவர்களின் வாழ்வு திரும்பும் என்ற சொல்லோடு முடிகின்றன. எகிப்தின் மீதான ஏசாயாவின் நெடிய வாக்கு, எகிப்தும் அசீரியாவும் இஸ்ரவேலும் ஒரே பெருவழியில் இணைந்து ஆசீர்வாதம் பெறும் காட்சியில் போய் நிற்கிறது. நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், பாபிலோனின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறது. அதன் வீழ்ச்சியையும் அறிவித்தவர் அதே எரேமியாதான். இயேசு சகல தேசத்தாரையும் கூட்டி நியாயந்தீர்க்கும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. பசித்தவன், தாகமுள்ளவன், அந்நியன், உடையில்லாதவன், நோயாளி, சிறையிலிருப்பவன் ஆகியோர் முன் என்ன செய்தாய் என்ற கேள்வி மட்டும் இருக்கிறது.

ஆகவே பிரசங்கிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆமோஸை எடுத்தால் இரண்டாம் அதிகாரத்தில் மோவாபோடு நிறுத்தாதீர்கள். யூதாவும் இஸ்ரவேலும் வரும்வரை வாசியுங்கள், பிறகு உங்கள் சபை அமர்ந்திருக்கும் ஊரின் பெயரை அந்த இடத்தில் வையுங்கள். அங்கே அடகில் போன ஏழையின் உடை எது, சரக்காக விற்கப்படும் மனிதர் யார், எல்லையை விரிக்கக் கீறப்படும் வயிறு எது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வாசகர்களும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: தேசங்களின் நியாயத்தீர்ப்பைப் பற்றிய ஒரு செய்தி, கேட்டு முடித்ததும் அடுத்த நாட்டின்மேல் கோபத்தையோ ஆவலையோ மட்டும் மூட்டி, நம்மிடம் எதையும் மாற்றச் சொல்லாமல் அனுப்பினால், அது எத்தனை வசனங்களை அடுக்கினாலும் தீர்க்கதரிசிகளின் செய்தி ஆகாது.